'அன்றைய விலை' போட்டிருக்கும் மீன் ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் படியுங்கள்: எங்களுக்குப் போனது 11,659 ரூபாய்

முந்தாநாள் இரவு எங்கள் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் சாப்பிட்டதற்கு 11,659 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். ஆமாம், பிடுங்கினார்கள் என்றுதான் எழுதுவேன். அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் குழந்தைகள். இதை எழுதும்போது இன்னும் கை படபடக்கிறது.

புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் கடையின் பெயரைப் போடவில்லை. தென் சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. வாசலிலேயே ஐஸ் மேல் மீனையும் நண்டையும் அடுக்கி வைத்து, நாம் கை காட்டுவதைச் சமைத்துத் தருகிற வகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பெயர் கூப்பிடும் அளவுக்குக் கூட்டம். எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும் மீன் சாப்பிட அங்கேதான் போகச் சொல்வார்கள். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரிக் கடைக்குப் போனால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்து ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. அம்மா வீட்டிலேயே மீன் குழம்பு வைக்கிறேன் என்றார். கத்திரி வெயிலில் எட்டுப் பேருக்கு அவரை அடுப்படியில் நிற்க வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சரி, நமக்குத் தெரிந்த கடைதானே என்று அங்கே போனோம். ஏழெட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிற கடை. பெரியவன் கைக்குழந்தையாக இருக்கும்போது அவனுக்கு முள் எடுத்த மீனைத் தனித் தட்டில் கொண்டுவந்து வைத்த கடை. அந்த மேனேஜருக்கு எங்கள் வீட்டில் யார் யார் என்ன சாப்பிடுவோம் என்பது வரைக்கும் தெரியும்.

வாசலிலேயே அவர் வந்துவிட்டார். "அக்கா வாங்க, அண்ணே வாங்க. அப்பா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு" என்று அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். உட்கார வைத்த கையோடு, "வாங்கப்பா, நீங்களே பார்த்து எடுங்க" என்று அப்பாவை மட்டும் ஐஸ் பெட்டிப் பக்கம் அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு கொடுவாவை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். நல்ல சிவப்பு. "இன்னிக்குக் காலையில காசிமேட்டுல எறங்குனதுப்பா, உங்களுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு" என்றார். காசிமேடு என்றால் சென்னையின் மீன்பிடித் துறைமுகம். அப்பா விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழாமல் சதை உடனே எழும்பியது. அப்பா நாற்பது வருடமாகப் பட்டினப்பாக்கம் கரையில் தானே போய் மீன் வாங்கியவர். அவர் தலையை ஆட்டினால் எங்களுக்குப் போதும். அந்த மீனின் வாலில் ஓர் ஓரம் பிய்ந்திருந்தது. இதை நினைவில் வையுங்கள்.

பிறகு நண்டு. களி நண்டு, சணல் கயிற்றில் கட்டிப் போட்டிருந்தது. பெரியதாக இரண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். மெனு அட்டையில் இந்த மீனுக்கும் நண்டுக்கும் விலை கிடையாது, 'அன்றைய விலை' என்று மட்டும் இருக்கும். அதனால் நான் நேராகவே கேட்டேன், "எவ்வளவு வரும்?" என்று. அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்குப் போய் விலையாக்கா? மீன் ஒரு தொள்ளாயிரம் வரும். நண்டு ரெண்டும் சேர்த்து ஆயிரம், மிஞ்சிப் போனா ஆயிரத்து நூறு. நான் பார்த்துப் போட்டுக்கறேன், நீங்க போய் உக்காருங்க." என் வீட்டுக்காரர், தம்பி, அப்பா மூன்று பேர் காதிலும் விழுந்தது. தராசு அந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதன் முகப்பு உள்பக்கம் பார்த்து. அதில் எதையும் வைக்கவில்லை. தட்டு அப்படியே சமையலறைக்குள் போய்விட்டது.

இதோடு மெனுவில் விலை போட்டிருந்த வஞ்சிரம் வறுவல் நாலு துண்டு, ஓர் இறால் தொக்கு, ஒரு கணவாய், இரண்டு மீன் குழம்பு, பரோட்டா, சாதம், குழந்தைகளுக்கு ஒரு சிக்கன் ஃப்ரைடு ரைஸ், தண்ணீர் பாட்டில். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் வரும் என்று தம்பி மனதிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மீன் வந்தது. தலை வாலோடு முழு மீன், மேலே மசாலா அப்பி, வெங்காய வளையம் போட்டு. அப்பா கரண்டியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் பார்த்த மீன் இல்ல" என்றார் மெதுவாக. வால் முழுசாக இருந்தது. பிய்ந்த ஓரம் இல்லை. அளவும் குறைவு. "இது ஒரு கிலோகூடத் தேறாது" என்றார். சதை வெந்து பொலபொலவென உதிரவில்லை, மாவு மாதிரி குழைந்தது. அம்மா, "விடுங்க, பசங்க பசியோட இருக்காங்க" என்று பரிமாற ஆரம்பித்துவிட்டார்.

நண்டு மசாலா வந்தது. இரண்டு நண்டுக்கு நாலு கொடுக்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது. தம்பி மகளுக்குக் கொடுக்கு என்றால் உயிர், அவள்தான் முதலில் தேடினாள். பரிமாறுகிற பையனைக் கேட்டதற்கு, "கிரேவியில அடியில இருக்கும்கா" என்றான். அடிவரை துழாவினோம், இல்லை. ஒரு நண்டின் ஓட்டைப் பிளந்தால் உள்ளே சதையே இல்லை, தண்ணீர்தான் வடிந்தது. ஓடு கழற்றிக் கொஞ்ச நாளே ஆன நண்டு அப்படித்தான் இருக்கும், மேலே பார்த்தால் பெரிதாக, உள்ளே காலியாக. மீன் வாங்கிப் பழகியவர்கள் அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கினால் வேண்டாம் என்பார்கள். கயிறு சுற்றி வைத்த நண்டை எங்களை யாரும் தொடவே விடவில்லை.

வஞ்சிரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வஞ்சிரத்தின் தோல் வழவழவென்று இருக்கும், செதில் கையில் தட்டுப்படாது. எங்களுக்கு வந்த துண்டுகளின் தோலில் செதில் உரசிய தடம் வரிசையாகத் தெரிந்தது. அப்பா ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சீலா. வஞ்சிரம் இல்ல" என்றார். சீலாவை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே வாங்குவோம். ஆனால் வஞ்சிரத்தை விட விலை குறைந்த மீன். துண்டு 420 ரூபாய் என்று வஞ்சிரத்துக்குத்தான் விலை போட்டிருந்தார்கள். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "சின்ன வஞ்சிரம்பா, அதான் அப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். எழுபத்தொரு வயது மனிதருக்கு அவர் தின்னும் மீனின் பெயரை இவன் சொல்லித் தருகிறான்.

பில் வந்தது. 11,659 ரூபாய்.

கொடுவா 1 கிலோ 450 கிராம், நூறு கிராம் 180 என்று 2,610 ரூபாய். நண்டு 1 கிலோ 620 கிராம், நூறு கிராம் 220 என்று 3,564 ரூபாய். இரண்டாயிரத்துக்குள் முடியும் என்று அவர் வாயால் சொன்ன இரண்டு அயிட்டத்துக்கு மட்டும் 6,174. அதற்கு மேல் மொத்தத்தில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 1,009 ரூபாய் 40 காசு. அதையும் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டி. நூறு கிராம் கணக்கு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடை போட்டதை யாரும் பார்க்கவில்லை. தட்டில் வந்ததோ வேறு மீன்.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னோம். பத்து நிமிடம் முன்புவரை மேசை மேசையாக விசாரித்துக்கொண்டிருந்தவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லாவில் இருந்தவர், "கம்ப்யூட்டர் போடுற பில்லு சார், நாங்க கை வைக்க முடியாது" என்றார். எடையை அதில் அடித்தது யார், கம்ப்யூட்டரா? பிறகு சூப்பர்வைசர் என்று ஒருவர் வந்தார். "தடைக்காலம் சார். போட்டே போகல. மீன் வெலை எங்கயும் இப்படித்தான்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது இந்த இடத்தில்தான். உட்காரும்போது, காலையில் காசிமேட்டில் இறங்கிய மீன். காசு கட்டும்போது, படகே போகவில்லை. எது உண்மை?

தடைக்காலம் என்பதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இப்போது எல்லாக் கடையிலும் இதுதான் பதில். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகு, கட்டுமரம் போகலாம், அவர்கள் கரைப் பக்கம் பிடிப்பார்கள். அதனால் பெரிய மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அது நியாயம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அப்பா அந்த சூப்பர்வைசரிடம் கேட்டதைக் கேளுங்கள். "தம்பி, களி நண்டு பழவேற்காடு மாதிரி ஏரியிலயும் காயல்லயும் புடிக்கிறது. கொடுவா இன்னிக்குப் பாதி பண்ணையில வளக்கிறது. இதுக்கும் விசைப்படகுக்கும் என்னப்பா சம்பந்தம்?" அவரிடம் பதில் இல்லை. "பெரியவரே, நீங்க சாப்பிட்டாச்சு, இப்ப பேசி என்ன பண்றது" என்றார். அதுவரை அப்பா என்று கூப்பிட்ட கடையில் அப்பா ஒரு நிமிடத்தில் பெரியவராகிவிட்டார்.

சர்வீஸ் சார்ஜையாவது எடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஓட்டல்கள் இதைத் தாங்களாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. ஓட்டல் சங்கங்கள் எதிர்த்துப் போட்ட வழக்கையும் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. செல்போனில் செய்தியைக் காட்டினார். "அது டெல்லிங்க. இங்க எல்லாருக்கும் போடறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பில்லை வாங்க ஆரம்பித்துவிட்டார் கல்லாக்காரர்.

பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். சின்னவன் தோளில் தூங்கிவிட்டான். அம்மா, "குடுத்துட்டு வாங்க, மானம் போகுது" என்று கண் கலங்கிவிட்டார். இந்தக் கடைகள் நம்பியிருப்பது இதைத்தான். குடும்பத்தோடு வந்தவன் சண்டை போட மாட்டான், பெரியவர்கள் முன்னால் காசுக்குக் கத்த மாட்டான் என்று நன்றாகத் தெரியும். தம்பி யுபிஐயில் கட்டினான், 11,659 ரூபாய். கட்டிய பிறகுதான் பார்க்கிறோம், பணம் போனது கடையின் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. கையில் கொடுத்த சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை. ஓட்டல் ரசீதில் இருக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. முழு ரசீது கேட்டால், "சிஸ்டம் மெதுவா இருக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

நாளைக்கு ஆனது. காலையில் போன் செய்தால், "மேனேஜர் மார்க்கெட் போயிருக்கார்." மதியம் செய்தால், "ரஷ் டைம், நாலு மணிக்கு மேல பண்ணுங்க." நாலு மணிக்கு மேல் எடுக்கவே இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் நேரில் போனார். அந்த மேனேஜர் அங்கேதான் இருந்தார், ஐஸ் பெட்டிப் பக்கத்தில், இன்னொரு குடும்பத்துக்குச் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. இவரைப் பார்த்ததும், "அண்ணே, நேத்து நான் சீக்கிரம் கெளம்பிட்டேன், என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார். தொள்ளாயிரம் என்று சொன்னீர்களே என்று கேட்டால், "கிலோ ரேட்ட சொல்லியிருப்பேண்ணே" என்றார். கிலோ தொள்ளாயிரம் என்றால் பில்லில் ஏன் கிலோ ஆயிரத்து எண்ணூறு? அதற்கு, "அது பிரிபரேஷனோட சேர்த்து." எடை போட்டதைக் காட்டுங்கள், கேமரா இருக்கிறதே என்றால், "ஓனர் பர்மிஷன் வேணும்." ஓனர் எப்போது வருவார்? "அவர் சொல்லிட்டு வர மாட்டார்ணே."

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "அடுத்த தடவ வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, ஒரு ப்ளேட் இறால் ஃப்ரை நம்ம கணக்குல." 11,659 ரூபாய்க்கு ஒரு ப்ளேட் இறால். முழு ரசீது இன்றுவரை கைக்கு வரவில்லை.

பணத்தைவிட அப்பாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து, "நான் பார்த்து எடுத்த மீன், நானே கூட நின்னிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகன் ஊருக்குப் போகும் முன் ஒரு வேளை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம் என்று இருக்க வேண்டியது. தம்பி கிளம்பும்போதும் அந்தக் கடையைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் குடும்பத்துக்கு 11,659 ரூபாய் சும்மா விடுகிற தொகையும் இல்லை. அம்மா கணக்குப் பார்த்தார், வீட்டில் இரண்டு மாதத்துக்கு மீன் வாங்கியிருக்கலாமாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்துவிட்டோம், எண் கொடுத்திருக்கிறார்கள். எடை மோசடிக்குத் தனியாகத் தொழிலாளர் துறையில் எடையளவுப் பிரிவு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுக்கப் போகிறோம். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சீலா கதையைப் போட்டோவோடு அனுப்புகிறோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம். தேவைப்பட்டால் அதையும் போடுவேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன். நிதானமாக எழுத இப்போது மனசு இல்லை, அவசரமாகச் சிலது மட்டும். மீனை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், நண்டு என்றால் கயிற்றைப் பிரித்துவிட்டு. எடையையும் நூறு கிராம் விலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். எடுத்த மீனை போட்டோ எடுங்கள், வாலோடு சேர்த்து. சர்வீஸ் சார்ஜ் இருந்தால் கட்டாதீர்கள். யுபிஐயில் யார் பெயர் வருகிறது என்று பார்க்காமல் பின் நம்பரைப் போடாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள், மறுநாள் வா என்றால் நம்பாதீர்கள்.

ஜூன் 14 வரைக்கும், காலையில் காசிமேட்டில் இறங்கிய பெரிய வஞ்சிரம் என்று எந்த ஓட்டலில் யார் சொன்னாலும், எந்தப் படகு என்று கேளுங்கள். புகாருக்குப் பதில் வந்தால் எழுதுகிறேன்.